மலைச்சரிவுக்குத் தென்னை நார் வலையும் வெட்டிவேர் நாற்றும்: வாங்குவதற்கு முன்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தால் முதலில் கேட்பது கான்கிரீட் தடுப்புச்சுவருக்கான மதிப்பீடுதான். அந்தத் தொகையைக் கேட்டு மலைத்துப்போனவர்களுக்கு அடுத்ததாக விற்கப்படுவது இந்த ஜோடி: தென்னை நார் வலை சில சுருள், வெட்டிவேர் நாற்று சில கட்டு. கடைக்காரர்கள் வலையை ‘காயர் நெட்’ என்றோ ‘ஜியோ டெக்ஸ்டைல்’ என்றோ சொல்வார்கள். கயிறு வாரியத்தின் தாள்களில் அதன் பெயர் பூவஸ்திரா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வலை நல்ல சரக்கு, ஆனால் தப்பான கனத்திலும் குறைந்த அளவிலும் வாங்கப்படுகிறது. நாற்று அதைவிட நல்ல சரக்கு, ஆனால் செத்த நிலையில் வந்து இறங்குவது சகஜம். வலை என்பது வேர் பிடிக்கும்வரை தாங்கும் ஊன்றுகோல். இரண்டு, மூன்று மழைக்காலத்தில் அது மக்கிப்போகும், மக்கத்தான் வேண்டும். அதன்பின் சரிவைப் பிடித்திருக்கப் போவது நாற்று மட்டுமே. எனவே கையில் இருக்கும் பணத்தில் வலைக்குப் பெரும்பங்கு, நாற்றுக்கு மிச்சம் என்று ஒதுக்குவது தலைகீழ்க் கணக்கு.

எந்தச் சரிவுக்கு இது உதவாது

இந்த ஜோடி தடுப்பது மேல்மண் அரிப்பையும், மேலே ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குள் நடக்கும் சிறு சரிவையும்தான். சரிவின் உச்சியில் தரை நீளவாக்கில் வெடித்திருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, மழை நின்று பல நாளாகியும் அடிவாரத்தில் நீர் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வலையும் நாற்றும் வாங்காதீர்கள். சரிவு ஆழத்தில் நகர்கிறது, அது மண்ணியல் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. ஜே.சி.பி. வைத்துச் செங்குத்தாக வெட்டிய, 60 டிகிரிக்கு மேற்பட்ட சுவர் போன்ற மண்ணிலும் வலை மண்ணோடு ஒட்டாது, திரைச்சீலை போலத் தொங்கும். அங்கே முதலில் படி வெட்டிச் சாய்வைக் குறைக்க வேண்டும். மலைப்பகுதியில் மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, உச்சியில் இருந்து வரும் தண்ணீர். மேல்வீட்டுக் கூரை நீரோ சாலைச் சிறுபாலத்து நீரோ சரிவின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தால் எந்தப் புல்லும் நிற்காது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையை மனதில் வைத்தால், சரிவின் உச்சியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி ஒரு மடைவாய்க்கால் வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதுதான் முதல் செலவு. வாய்க்காலுக்கு அடியில் கல்லோ களிமண்ணோ பாவாவிட்டால், அதுவே நீரைச் சரிவுக்குள் இறக்கிவிடும்.

வலை: 400, 700, 900

வலையின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்வார்கள். சந்தையில் பெரும்பாலும் 400, 700, 900 கிராம் கிடைக்கும். 400 கிராம் வலையின் கண்ணில் கட்டைவிரல் தாராளமாகப் போகும். 30 டிகிரிக்குக் குறைவான, ஏற்கெனவே கொஞ்சம் புல் இருக்கும் சரிவுக்கு அது போதும். 45 டிகிரியை ஒட்டிய வெறும் மண்ணுக்கு 700 வாங்குங்கள். 900 வாங்கினால் இன்னும் நல்லது என்று விற்பவர் சொல்வார். ஏற்க வேண்டாம். அதன் கண் அவ்வளவு நெருக்கமானது, ஒவ்வொரு நாற்றுக்கும் கயிற்றை அறுத்தே குழி எடுக்க வேண்டும். வரிசைக்கு மீட்டருக்கு எட்டு இடத்தில் அறுத்த வலை, கனம் எவ்வளவு இருந்தாலும் அந்த வரிசையோடு கிழியும். 700 வலையில் கடப்பாரை முனையால் கயிறுகளை விலக்கியே நட்டுவிடலாம். ஓடைக்கரை போன்ற, நீரோட்டம் நேரடியாக அறுக்கும் இடத்துக்கு மட்டும் 900 பொருத்தம்.

கனத்தைச் சரிபார்க்கத் தராசு போதும். ஒரு மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள 700 கிராம் சுருள் 35 கிலோ இருக்க வேண்டும். 400 கிராம் என்றால் 20 கிலோ. ஈரமான சுருள் எடை கூட்டிக் காட்டும். அதனால் சுருளின் உள்பக்கம் கைவிட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ அந்தச் சுருள் வேண்டாம். ஒரு இழையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நல்ல கயிறு கையைக் குத்தும். மழையில் நனைந்து கிடந்த பழைய கயிறு தூளாக உதிரும். இழை இரு புரியாக முறுக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாயம் தோய்த்த வலைக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், சாயத்தால் மண்ணுக்கு ஒரு பயனும் இல்லை.

நெய்த தென்னை நார் வலைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15869. மலைச்சரிவில் அதை விரிக்கும் முறைக்கு ஐ.எஸ். 15872 என்று தனி வழிகாட்டியே இருக்கிறது. ரசீதில் முதல் எண்ணைக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்கும் கடையில் தராசை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பிளாஸ்டிக் வலைக்கு நடுவே நாரைத் தைத்த மெத்தை மாதிரியான விரிப்பும் விற்கிறது. கனமாக, அழகாக, விரிக்கச் சுலபமாக இருக்கும். ஆனால் நார் மக்கிய பிறகு பிளாஸ்டிக் நூல் சரிவிலேயே கிடக்கும். பாம்பும் ஓணானும் அந்தக் கண்ணில் சிக்கிச் சாகும். வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். 20 மீட்டர் அகலம், மேலிருந்து கீழாக 8 மீட்டர் நீளம், 45 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 160 சதுர மீட்டர். 160 சதுர மீட்டர் வலை வாங்கினால் வேலை முக்கால்வாசியில் நின்றுபோகும்.

வலையை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக விரிக்க வேண்டும், குறுக்காக அல்ல. பக்கத்துப் பட்டையோடு 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். ஆக ஒரு மீட்டர் பட்டை 85 செ.மீ. மட்டுமே மூடும். 20 மீட்டருக்கு 24 பட்டை. ஒவ்வொன்றும் 8 மீட்டரோடு, உச்சிக் குழியில் புதைக்கவும் அடியில் மடிக்கவும் ஒரு மீட்டர் சேர்த்து 9 மீட்டர். 50 மீட்டர் சுருளில் ஐந்து பட்டை வெட்டலாம். 24 பட்டைக்கு ஐந்து சுருள், அதாவது 250 சதுர மீட்டர். மீதமாகும் துண்டுகள் வீணாகாது, பள்ளம் விழுந்த இடத்தில் இரட்டை மடிப்பாகப் போடப் பயன்படும்.

ஆணி: 6 மி.மீ. கம்பியை ‘ப’ வடிவில் வளைத்தது, கால் 30 செ.மீ. இந்தச் சாய்வுக்குச் சதுர மீட்டருக்கு மூன்று, உச்சிக் குழியில் 30 செ.மீ.க்கு ஒன்று. மொத்தம் 550 வரை வரும். மூங்கில் முளையும் சரிதான், மலிவும்கூட. ஆனால் சரளை மண்ணில் அடிக்கும்போதே பிளக்கும். விற்பவர் இலவசமாகத் தரும் 10 செ.மீ. கொக்கிகளைத் தூரப் போடுங்கள்; அவை நிற்பது சமதளப் புல்தரையில்.

நாற்று: வெட்டிவேர் வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் செங்குத்து இறக்கம் வேண்டும். 45 டிகிரியில் அது சரிவின்மேல் 1.4 மீட்டர். 8 மீட்டர் சரிவுக்கு ஆறு வரிசை, 120 மீட்டர். 12–13 செ.மீ.க்கு ஒன்று, அதாவது மீட்டருக்கு எட்டு என்றால் 960 நாற்று. இடைவெளி நிரப்பப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 1,050 வாங்குங்கள். “அரை மீட்டருக்கு ஒன்று போதும், தானே படரும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெட்டிவேர் ஓடிப் படரும் புல் அல்ல, நட்ட இடத்திலேயே தூர்கட்டும். இடைவெளி இருந்தால் நீர் அந்த இடைவெளி வழியாகவே குவிந்து பாய்ந்து, முன்பு இல்லாத ஓடை ஒன்றை உண்டாக்கும்.

விரிப்பதில் தவறுவது

ஒரே ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: வலை மண்ணில் ஒட்டாமல் இருப்பது. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வலையை விறைப்பாக இழுத்து ஆணி அடித்தால், மேடு பள்ளங்களுக்கு மேலே கூடாரம் போல நிற்கும். மழைநீர் வலைக்கு அடியில் ஓடி மண்ணை அள்ளிக்கொண்டு போகும். மேலே நின்று பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு வலையைத் தூக்கினால் உள்ளே விரல் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம். விரித்து முடித்ததும் உள்ளங்கையை அங்கங்கே வைத்து அழுத்துங்கள். கை கீழே போனால் அங்கே மண் இல்லை என்று அர்த்தம். கட்டிகளை முன்பே உடைத்து, கல்லைப் பொறுக்கி, குழிகளை மண்போட்டு மிதித்த பிறகே விரிக்க வேண்டும். வலை தளர்வாகவே கிடக்கட்டும்.

உச்சியில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, வலையின் நுனியை உள்ளே இறக்கி, ஆணி அடித்து, மண் நிரப்பி இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் உச்சியில் வெறுமனே ஆணி அடித்த வலை, நனைந்து கனத்ததும் மொத்தமாகக் கீழே வழுக்கி வரும். பட்டையின் நீளம் போதாமல் இடையில் ஒட்டுப்போட நேர்ந்தால், ஓடு வேய்வது போல மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் 30 செ.மீ. ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் நீர் நேராக அடிக்குள் நுழையும்.

வலைக்கு அடியில் விதை தூவுவதானால் விரிப்பதற்கு முன் தூவ வேண்டும். கேழ்வரகு, சாமை, கொள்ளு மாதிரி வேகமாக முளைப்பவை முதல் இரண்டு மாதத்துக்கு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் புல் எழுந்துவிடும்.

நாற்று

‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ச்சொல்லைத்தான் உலகமே வெட்டிவர் என்று சொல்கிறது. 1980களில் உலக வங்கிக்காக இந்தியாவில் வேலை செய்த ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் இதை மண் காக்கும் வேலியாக உலகெங்கும் கொண்டுபோனார்கள். அதற்கு வெகு முன்பே முதுமலைக்கு அந்தப் பக்கம் உள்ள குண்டுலுப்பேட்டை உழவர்கள் வரப்பில் இதை நட்டு வந்தார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இரண்டு, மூன்று மீட்டர் இறங்கும். மெல்லிய வேரின் இழுவிசைத் தாங்குதிறன் சராசரி 75 மெகாபாஸ்கல் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். அது சாதாரண இரும்புக் கம்பியினுடையதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கில் இறங்கும் நூலுக்கு இது பெரிய பலம்.

நாற்று இரண்டு விதமாக வரும். ஒன்று பறித்த நாற்று, சாக்கில் கட்டியது. மற்றது பாக்கெட் நாற்று, மண் நிரப்பிய பையில் வளர்த்தது. பறித்தது மலிவு. ஆனால் தூரிலிருந்து பிரித்து நாலைந்து நாளாகிச் சாக்குக்குள் வெந்திருந்தால், நட்ட பின் இலை பச்சையாக இருந்தே ஏமாற்றி மூன்றாவது வாரத்தில் காயும். செங்குத்துச் சரிவில் கயிறு கட்டித் தொங்கியபடி இரண்டாம் முறை நட ஆள் கூலி கொடுப்பதைவிட, முதலிலேயே பாக்கெட் நாற்று வாங்குவது மலிவு. பறித்த நாற்றுதான் கிடைக்கும் என்றால், கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள். அடித்தண்டை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பும் வழவழப்பும் இருந்தால் கட்டையே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாற்றில் இரண்டு, மூன்று சிம்பு (தூரிலிருந்து கிளைக்கும் தண்டு) வேண்டும். ஒற்றைச் சிம்பைக் கணக்கில் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றுவது வழக்கமான தந்திரம்.

இலையைக் கசக்கி முகர்ந்தும் பாருங்கள். எலுமிச்சை வாசம் வந்தால் அது எலுமிச்சைப்புல். வெட்டிவேரின் மணம் வேரில்தான், இலையில் இல்லை. தென்னிந்திய வகையா என்றும் கேளுங்கள். அது பெரும்பாலும் விதை பிடிக்காது, களையாகப் பரவாது. வட இந்திய வகை பூத்து விதைவிடும்.

நடும்போது இலையை 15–20 செ.மீ. விட்டு வெட்டி, வேரை 5–10 செ.மீ.க்குக் கத்தரித்து, சாணிக் கரைசலில் தோய்த்து, 15 செ.மீ. ஆழச் சாலில் வைத்துக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வரிசை சம உயரக் கோட்டில் இருப்பது முக்கியம். கண்மதிப்பில் போட்டால் நிச்சயம் கோணும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் லெவலை வைத்து இரண்டு மீட்டருக்கு ஒரு முளை அடித்துக்கொண்டால் அரைநாள் வேலை. கோணிய வரிசை நீரைத் தாழ்ந்த முனைக்கு வாய்க்கால் போல ஓட்டிக்கொண்டுபோய் அங்கே அரிக்கும்.

காலம்: குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபர்–டிசம்பரில். ஜூன் சாரலில் நட்டால் நாலு மாத வேர் கிடைக்கும். கூடலூர், வால்பாறையில் ஜூனிலேயே கொட்டித் தீர்க்கும் என்பதால், கோடைமழையை நம்பி ஏப்ரல் கடைசியில் நட்டு, மழை தவறிய வாரங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செப்டம்பர் கடைசியில் அவசர அவசரமாக நட்டு, அக்டோபரில் அடித்துக்கொண்டு போனதும் வெட்டிவேரைத் திட்டுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

நிழல் இதற்கு ஆகாது. சில்வர் ஓக் மரத்தடியில் நட்ட வரிசை இளைத்து, மெலிந்து, இரண்டாம் ஆண்டில் காணாமல்போகும். அங்கே ஆடாதோடையும் நொச்சியும் மேல். நொச்சியை விரல் பருமன் குச்சியாக அரை மீட்டர் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி செருகினாலே போதும், வலைக்கு ஆணியாகவும் அதுவே உதவும். ஆனால் நொச்சியும் கீழ்மலைக்கும் நடுமலைக்கும்தான்.

உதகை உயரத்தில்

குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர். அதுவரை வெட்டிவேர் சமாளிக்கும், கொஞ்சம் மெதுவாக. 2,240 மீட்டரில் இருக்கும் உதகையிலும் அதற்கு மேலும் அதை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை கருகும். தூர் உயிரோடு இருந்தாலும் வேலியாக அடைத்துக்கொள்ள ஆண்டுகள் ஆகும். மேலும் அது மேல்மலைப் புல்வெளியின் செடியும் அல்ல. அங்கே சோலைப் புல்வெளியின் கொத்துப்புற்கள்தான் சரி. தெமடா, கிரைசோபோகான், யூலாலியா இனங்கள் பனிக்கும் காற்றுக்கும் பழகியவை. இடையிடையே தவிட்டுக்கொய்யா, குறிஞ்சி வகைகள், ஓரங்களில் காட்டுப்பூவரசு வைக்கலாம். குறை என்னவென்றால், இவற்றை நாற்றாக வளர்த்து விற்கும் நர்சரிகள் மிகச் சில. ஒரு பருவம் முன்பே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். காட்டிலிருந்து தோண்டி வந்து விற்பவரிடம் வாங்காதீர்கள். அது வனச்சட்டப்படி குற்றம், ஒரு சரிவை மூட இன்னொன்றைத் திறப்பதும்கூட.

மலைநகர நர்சரிகளில் இதற்குப் பதிலாகத் தயாராகக் கிடைப்பது கிக்கியு புல். ஆறே வாரத்தில் சரிவு பச்சையாகிவிடும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல் மேலே பாய் மாதிரி பின்னிக்கொள்ளும். செங்குத்தான இடத்தில் நீர் ஊறி அந்தப் பாய் கனத்தால், பாயோடு சேர்ந்து மண்ணும் உரிந்து இறங்கும். பக்கத்துப் புல்வெளியையும் விழுங்கும்.

நீலகிரி மலைச்சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை செய்திருக்கும் மண் ஆணி, விதைப் பீய்ச்சல் முறையை வீட்டுக்கும் செய்து தருவதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரர்களும் வருகிறார்கள். மண் ஆணி என்பது சரிவுக்குள் ஆழமாக இறக்கும் இரும்புக் கம்பி. விதைப் பீய்ச்சல் என்பது விதை, உரம், நார்க்கூழ், பசை ஆகியவற்றை நீரில் கரைத்துப் பம்பால் அடிப்பது. ஆணி ஆழ்மண்ணைத் தைக்கும், பீய்ச்சிய புல் மேல்மண்ணை மூடும். ஆணி இல்லாமல் பீய்ச்சல் மட்டும் என்றால் முதல் கனமழையே சோதித்துவிடும். அப்படியே செய்தாலும், கலவையில் என்னென்ன புல் விதை என்று பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். ‘புல் கலவை’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.

நட்ட பிறகு

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கழன்ற ஆணி, செத்த நாற்று, வலைக்கு அடியில் ஓடிய நீர் எல்லாம் அப்போதே சரிசெய்தால் ஒரு மணி நேர வேலைதான். நாலைந்தாம் மாதம் இலையை 30–40 செ.மீ. உயரத்தில் அரிவாளால் அறுத்தால் சிம்பு கூடும். அறுத்ததை வரிசைக்கு மேல்பக்கமே போடுங்கள், மண் அதில் தங்கிப் படி கட்டும். காட்டெருமை நடமாடும் இடமானால் இளம் இலைக்கும் வலைக்கும் பாதுகாப்பு வேண்டும். முதிர்ந்த வெட்டிவேரை அவை அவ்வளவாகத் தொடாது, ஆனால் குளம்பு வலையைக் கிழிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த நார் தீப்பொறிக்குக் காத்திருக்கும். சாலையோரச் சரிவானால் அடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த இலையைச் சுத்தமாக வைத்திருங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் தூர் பருத்ததும் “வேர் வாங்கிக்கிறோம்” என்று கேட்டு ஆள் வருவார்கள், விலையும் நல்ல விலையாக இருக்கும். சரிவில் இருப்பதை விற்காதீர்கள். மணக்கும் வேரை எடுக்க முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் கிளறுவார்கள். இடைவெளி நிரப்ப நாற்று வேண்டுமென்றால், வரிசை முனையில் இருக்கும் தூர் ஒன்றை ஓரத்தில் மட்டும் பிளந்து எடுத்தால் பத்து, பதினைந்து நாற்று கிடைக்கும்.